அரைமணிச் சீட்டு

அத்தியாயம் 7

"காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. செங்கல்வராயனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் உலகத்துக்கெல்லாம் செருப்புத் தோல் அனுப்புகிற கம்பெனியில், செருப்பு நுழையக் கூடாத ஒரே இடம் இந்தக் கம்ப்யூட்டர் அறைதான்.

"கோயிலுக்கு வந்த மாதிரியே கீது மேடம்," என்றான், ஒற்றைக் காலில் நின்று வார் அவிழ்த்தபடி. "உள்ள இருக்கிற சாமிக்குத் தேங்கா போதுமா, கெடா வெட்டணுமா?"

"கெடா வெட்டியாச்சு," என்றாள் பங்கஜம். "பேரு பச்சையப்பன்."

துப்பறியும் பங்கஜத்துக்கு அவன் பத்து வருஷ உதவியாளன். கதவைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னால் போனான். ஏ.ஸி. குளிர் முகத்தில் அடித்தது. ஆனால் அந்தக் குளிரையும் மீறி, சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த வாடை எங்கிருந்தோ கசிந்து வந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் அதற்குத் தப்பிய சுவர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, இந்த ஜியாவுல்லா டேனரியில் தோலைப் பதனிடும் நாலாம் நம்பர் மர டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்த பச்சையப்பன், பார்த்தபடியே சரிந்து விழுந்தான். தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது. மயிர் கழற்ற சல்பைடு போட்டு ஊறவைத்த தோலைச் சரியாகக் கழுவாமல் அமிலம் ஊற்றினால் டிரம்முக்குள் விஷவாயு கட்டிக்கொள்ளும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஜாஸ்தியாகிவிட்டால் மூக்கு மரத்து, வாடையே தெரியாது. அதுதான் அதில் பயங்கரம்.

அந்த டிரம்முக்குப் பொறுப்பு வேதாசலம். எத்தனை நிமிஷம் கழுவ வேண்டும் என்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் சீட்டில் அரைமணி என்றுதான் இருந்தது, அரைமணி கழுவினேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். போலீஸ் அதே சீட்டை மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிப் பார்த்தது. அதில் ஒன்றரை மணி என்று இருந்தது. முதல் சீட்டைத் தேட வழியில்லை. சீட்டை ஈரத்தோடு டிரம்மின் மரச் சட்டத்தில் ஒட்டுவதும், வேலை முடிந்ததும் டிரம்மோடு சேர்த்துத் தண்ணீர் அடித்துவிடுவதும் அங்கே வழக்கம். நேற்று சாயங்காலம் வேதாசலத்தைக் கைது செய்துவிட்டார்கள். இன்று சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு வேலூர் ஜெயிலுக்குப் பயணம். திங்கட்கிழமை சுதந்திர தினம், கோர்ட்டுக்கும் லீவு, செவ்வாய்க்கிழமை வரை ஜாமீன் கேட்க வழியில்லை.

அவன் மனைவி வள்ளியம்மாள் வியாழக்கிழமையே வேலூருக்கு வந்து பங்கஜத்தின் ஆபீஸ் படியேறியவள். இப்போது கேட்டுக்கு வெளியே காவல்காரன் கொடுத்த ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டிருக்கிறாள்.

"வாங்க மேடம்." கம்ப்யூட்டர் பிரிவின் மேனேஜர் ஆதிகேசவன் எழுந்து நின்றார். சட்டைப் பையில் மூன்று பேனா. "எத்தன தரம் அச்சடிச்சாலும் அதே ஒன்றரை மணிதான் வரும். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"மெஷினுக்கு ஷிப்ட் ரிஜிஸ்டர் படிக்கத் தெரியுமா சார்?" பங்கஜம் தோள்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "சனிக்கிழமையிலேருந்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒவ்வொரு ஆளும் ஷிப்டுக்கு நாலு டிரம் முடிச்சிருக்கான். ஒன்றரை மணி கழுவினா மூணுக்கு மேல ஆவாது. முந்தாநேத்து மூணுதான் ஆயிருக்குது. அப்போ அந்த நாலு நாளும் எல்லா ஆளுங்களுமே சேர்ந்து ஏமாத்தினாங்களா?"

ஆதிகேசவன் பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலை நிமிர்ந்தாள். புரோகிராம் எழுதுகிற ரஃபத் ஜஹான். இருபத்துமூன்று வயசு இருக்கும். சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, விரல்களை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தாள். சரியாகத் தூங்கி நாலைந்து நாளாகியிருக்கும் என்று செங்கல்வராயனுக்குத் தோன்றியது.

"இந்தக் கழுவுற கணக்கு எங்கம்மா இருக்குது?" என்று கேட்டாள் பங்கஜம்.

"தனியா ஒரு லைப்ரரில மேடம். ஆம்பூருக்கு ஒரு புரோகிராம், மேல்விஷாரத்துல இருக்கிற நம்ம இன்னொரு டேனரிக்கு ஒரு புரோகிராம். அங்க டிரம் பெரிசு, அதனால வேற வேற. ஆனா கழுவுற கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். அத ரெண்டு எடத்துல எழுதாம, ஒரே எடத்துல லைப்ரரியா எழுதி வச்சிருக்கோம். ரெண்டு புரோகிராமும் அதுலேருந்துதான் எடுத்துக்கும்."

"தெளிவாப் புரியுது," என்றான் செங்கல்வராயன். "மட்டன் பிரியாணி, சிக்கன் பிரியாணி, ரெண்டுக்கும் ஒரே கத்திரிக்கா தொக்கு."

ரஃபத் லேசாகச் சிரித்தாள். சிரித்ததற்காகப் பயந்தவள் போல உடனே நிறுத்திக்கொண்டாள். "ஆமா. ஆனா அண்டாவுல தொக்க மாத்தினா மட்டும் பத்தாது. முன்னாடியே கட்டி வச்ச பார்சல்ல பழைய தொக்குதானே இருக்கும்? பார்சலப் பிரிச்சுத் திரும்பக் கட்டணும். இங்கயும் அப்படித்தான். லைப்ரரி மாறினா புரோகிராமத் திரும்பக் கட்டணும்."

"யாரு கட்டுவா?"

"மெஷினே கட்டும். எது எத நம்பி இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் எழுதி வச்சிருக்கோம். கட்டுன்னு சொன்னா மெஷின் அந்த லிஸ்ட்டப் படிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தேதியப் பார்க்கும். புரோகிராமவிட லைப்ரரி புதுசா இருந்தா திரும்பக் கட்டும். பழசா இருந்தா தொடாது."

"தேதியப் பார்க்கும்," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள் பங்கஜம்.

செங்கல்வராயனுக்கு அந்தக் குரல் தெரியும். துப்பறிய வருவதற்கு முன் காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் பத்து வருஷம் தேதி முத்திரை குத்தியவள் அவள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். முத்திரையைத்தான் முதலில் பார்ப்பாள். கடத்தல் மூட்டைகளை எல்லாம் அப்படித்தான் பிடித்ததாகச் சொல்வார்கள்.

"எனக்கு அந்தத் தேதிங்களக் காட்டும்மா."

ரஃபத் எதையோ தட்டினாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன. பங்கஜம் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தாள். "செங்கல், எழுதிக்கோ."

அவன் நோட்டை எடுத்தான். லைப்ரரிக்காக மனுஷர் கையால் தட்டிய மூலப்பிரதி ஒன்று. அதன் பிறகு ஆம்பூர் புரோகிராம், மேல்விஷாரம் புரோகிராம். ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாக மாறிய தேதி. முதல் தேதியை எழுதும்போதே அவன் பேனா நின்றுவிட்டது.

"மேடம், இது 1980, ஜனவரி ஒண்ணாம் தேதின்னு காட்டுது."

"இந்தக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் எப்போ வந்தது சார்?"

"எம்பத்தாறு நவம்பர்ல," என்றார் ஆதிகேசவன்.

"வருஷப் பொறப்பு அன்னிக்கு வேலைக்கு வந்திருக்கான்," என்றான் செங்கல்வராயன். "அதுவும் மெஷின் வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னாடி. இப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பிரமோஷன் குடுக்கலன்னா பாவம் மேடம்."

பங்கஜம் சிரிக்கவில்லை. "சார், மெஷின ஒரு தரம் நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க."

விசை அமுங்கியது. காற்றாடிச் சத்தம் நின்று, மறுபடி கிளம்பியது. ஒரு நிமிஷம் கழித்துத் திரையில் ஒரு கேள்வி வந்தது. இன்று என்ன தேதி என்று மெஷின் கேட்டது. ரஃபத்தின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. பங்கஜம் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ இரும்மா. சார் போடட்டும்."

ஆதிகேசவன் திரையைப் பார்த்தார். பிறகு, வாசலில் நிற்கும் வேண்டாத விருந்தாளியை அனுப்புவது போல, பெரிய பொத்தானை இரண்டு தடவை தட்டினார். கேள்வி போய்விட்டது.

"ஏன் சார் தேதி போடல?"

"அதெல்லாம் ஆபரேட்டர் வேல மேடம். தெனம் காலையில ரஃபத்தான் மெஷின ஆன் பண்ணும். நான் வந்து உக்காரும்போது எல்லாம் ரெடியா இருக்கும். சும்மா தட்டினா அதுவே தாண்டிப் போய்டும்."

"தாண்டி எங்க போவும்?"

ரஃபத்தான் சொன்னாள், தரையைப் பார்த்தபடி. "1980 ஜனவரி ஒண்ணுக்குப் போய்டும் மேடம். நாம தேதி சொல்லலன்னா இந்த மெஷின் அப்படித்தான் நெனச்சுக்கும்."

ஆதிகேசவனின் முகம் வெளிறிப்போனதை செங்கல்வராயன் கண்ணால் பார்த்தான். இரண்டு வருஷம் அந்த அறைக்கு அதிகாரியாக இருந்த மனுஷர் ஒரு நாள்கூடத் தன் கையால் மெஷினைக் கிளப்பியதில்லை. கிளப்புவது கீழே இருக்கிறவர்கள் வேலை. ஒரே ஒரு நாள் கிளப்பியிருக்கிறார்.

"எந்த நாள் சார்?" என்றாள் பங்கஜம்.

"அஞ்சாம் தேதி, வெள்ளிக்கிழமை." அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். "இந்த மாசத்துலேருந்து சல்பைடு வேற எடத்துலேருந்து வருது. காரம் ஜாஸ்தி. கழுவுற நேரத்த ஒன்றரை மணியாக்கணும்னு லேபுலேருந்து வியாழக்கிழமை சாயங்காலம் எழுதி அனுப்பினாங்க. ரஃபத் நாலு வரித் திருத்தத்தப் பேப்பர்ல எழுதி வச்சுட்டுப் போச்சு. மறுநாள் ஜும்மா, டேனரிக்கு லீவு. ஆனா சனிக்கிழமை மொத சீட்டுலயே புதுக் கணக்கு வரணும்னு முதலாளி சொல்லிட்டாரு. நானே வந்து டைப் பண்ணேன். கட்டுன்னு சொன்னேன். எல்லாம் புதுசாத்தான் இருக்குது, கட்ட வேண்டியது ஒண்ணுமில்லன்னு மெஷின் பதில் சொல்லிச்சு. அத நான்..." அவர் ஒரு பேனாவை எடுத்துத் திரும்பப் பையில் செருகினார். "நல்ல பதில்னு நெனச்சுட்டேன் மேடம். சந்தோஷமா வீட்டுக்குப் போய்ட்டேன்."

"ஆகஸ்ட் மாசத் திருத்தத்துமேல எட்டு வருஷப் பழைய முத்திர," என்றாள் பங்கஜம். "மெஷின் தேதியப் பார்த்துச்சு. புரோகிராம் புதுசு, லைப்ரரி பழசுன்னு சும்மா இருந்துடுச்சு. திருத்தம் அண்டாவுலயே கிடந்துது. சனிக்கிழமையும் பழைய சீட்டுதான் அடிச்சுது. வேதாசலம் சொன்னது நெஜம். அவன் கையில இருந்தது அரைமணிச் சீட்டு."

செங்கல்வராயனுக்கு எழுந்து ஓடிப்போய் கேட்டுக்கு வெளியே நிற்கிற வள்ளியம்மாளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. கால் கதவுப் பக்கம் திரும்பியும்விட்டது. பங்கஜம் கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் மேடம்!" ஆதிகேசவன் நிமிர்ந்தார். முங்குகிறவனுக்குக் கட்டை கிடைத்த வேகம். "திருத்தம் உள்ள போவலன்னா, புதன்கிழமை போலீஸ் கேட்டப்போ எப்படி ஒன்றரை மணின்னு வந்துது? அப்போ போயிருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"அதுதான் சார் எனக்கும் கேள்வி. செங்கல், ரெண்டாவது தேதியப் படி."

அவன் நோட்டைப் பார்த்தான். "ஆம்பூர் புரோகிராம். ஆகஸ்ட் பத்து, புதன்கிழமை. மத்தியானம் ஒண்ணே முக்கால்."

"பச்சையப்பன் செத்த மறுநாள்," என்றாள் பங்கஜம். "அவனப் பாலாத்தங்கரைல பொதைச்சுக்கினு இருந்த நேரம். கம்பெனியே அங்க நின்னுக்கினு இருந்தப்போ, இந்த ரூம்ல உக்காந்து யாரோ புரோகிராமத் திரும்பக் கட்டியிருக்காங்க. போலீஸ் மூணு மணிக்கு வந்துது. அரைமணிச் சீட்டு அடிக்கிற புரோகிராம் அதுக்குள்ள காணாமப் போய்டுச்சு. கூடவே வேதாசலத்தோட சாட்சியும் போச்சு."

"நான் ஊர்லயே இல்ல!" ஆதிகேசவன் கத்தினார். "செவ்வாக்கெழம சாயங்காலமே மெட்ராஸ் போய்ட்டேன். பிரிண்டர் ரிப்பன் வாங்க. வியாழக்கிழமைதான் திரும்பினேன். டிக்கெட் இருக்குது, காட்டட்டுமா?"

"வேணாம் சார்," என்றாள் பங்கஜம். "அன்னிக்குத் தேதி சரியா விழுந்திருக்குது. மெஷின ஆன் பண்ணவங்க தேதி போடத் தெரிஞ்சவங்க."

மூன்று பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

ரஃபத் ஜஹான் அழவில்லை. அதுதான் செங்கல்வராயனை என்னவோ செய்தது. பரீட்சையில் தெரிந்த பதிலைச் சொல்கிறவளைப் போல ஒரே சீராகப் பேசினாள்.

"செவ்வாக்கெழம சேதி கேட்டப்பவே எனக்குச் சீட்டு மேல சந்தேகம். சீட்டுங்க நீளமா ஓடும் மேடம், கிழிச்சுக் கிழிச்சுக் குடுத்துடுவேன், எந்த எண்ணையும் படிச்சுப் பார்க்க மாட்டேன். புதன்கிழமை எல்லாரும் அடக்கத்துக்குப் போனதும் வந்து பார்த்தேன். 1980ன்னு இருந்துச்சு. ஒடனே புரிஞ்சுது. மெஷின் கட்டி வச்சிருந்த பழைய லைப்ரரிய அழிச்சிட்டு, திருத்தின மூலப்பிரதிலேருந்து திரும்பக் கட்டச் சொன்னேன். கட்டிச்சு. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிப்ட் டிரம் சுத்தணும். அதுக்குள்ள சரி பண்ணணும்னுதான் நெனச்சேன். சத்தியமா அது மட்டும்தான்."

"அது சரி. மூணு மணிக்கு?"

"போலீஸ் வந்து சீட்டு கேட்டாங்க. அச்சடிச்சுக் குடுத்தேன். ஒன்றரை மணின்னு வந்துது. அவங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கினாங்க. அப்போ வாயத் தொறந்திருக்கணும்." அவள் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. "தப்பு சாருடையதுன்னு யாரு நம்புவா மேடம்? புரோகிராம் என்னுது. பொம்பளப் புள்ளைக்குக் கம்ப்யூட்டர் இன்னாத்துக்குன்னு கேட்ட ஊரு இது. என் தங்கச்சி காலேஜ் சேர்ந்து இருபது நாளாச்சு. என்னக் காட்டித்தான் அப்பா அவள அனுப்பினாரு. என் புரோகிராம் ஒருத்தரக் கொன்னுடுச்சுன்னா..."

"வேதாசலத்துக்கும் ரெண்டு பசங்க இருக்குதுங்க," என்றான் செங்கல்வராயன். அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

"தெரியும். அவரு எப்படியும் வெளிய வந்துடுவாருன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன், இனிமே ஒரு ஆளும் சாவ மாட்டாங்கன்னு சொல்லிக்கினேன். அத நெனச்சுத்தான் மேடம் இந்த மூணு நாளும் சோறு எறங்குச்சு."

பங்கஜம் அவளைப் பார்க்கவில்லை. செங்கல்வராயனின் நோட்டை வாங்கி, அதில் மூன்றாவது வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது. இந்தப் பத்து வருஷத்தில் அவள் பயந்து அவன் பார்த்தது இரண்டு தடவைதான். இது மூன்றாவது.

"எல்லாத்தையும்னா, மேல்விஷாரத்தையும் சேர்த்தா?"

"ஆமா மேடம். லைப்ரரி ஒண்ணுதானே. அது மாறினா ரெண்டும் தானா..."

"அப்போ மேல்விஷாரம் புரோகிராமுக்கு ஏன் ஜூன் பதினெட்டுன்னு தேதி இருக்குது?"

ரஃபத் நாற்காலியை இழுத்துத் திரை முன்னால் விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். விரல்கள் பொத்தான்களில் வழுக்கின. எது எதை நம்பி இருக்கிறது என்று எழுதி வைத்த அந்த லிஸ்ட் திரையில் வந்தது. அவள் மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி மேலே போனாள்.

"இன்னாம்மா?" என்றார் ஆதிகேசவன்.

"ஆம்பூர் வரில லைப்ரரி பேரு இருக்குது சார். மேல்விஷாரம் வரில இல்ல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஜூன் மாசம் அவசரமா அந்தப் புரோகிராமச் செஞ்சோமே. கையால கட்டி அனுப்பிட்டோம். லிஸ்ட்ல அப்புறமா எழுதிக்கலாம்னு விட்டது. நான்தான் விட்டது. லைப்ரரி அழிஞ்சாலும் மாறினாலும் மெஷினுக்குத் தெரியாது. மேல்விஷாரம் அத நம்பி இருக்குதுன்னு நாம மெஷினுக்குச் சொல்லவே இல்ல."

"அப்படின்னா அங்க இன்னிக்கு..."

"அரைமணிச் சீட்டு. இன்னிக்கும் அரைமணிச் சீட்டுதான். காலையில எட்டு மணி வேன்ல நானே அனுப்பிச்சேன்."

செங்கல்வராயன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று பத்து.

"அங்க எத்தன மணிக்குக் கழுவ ஆரம்பிப்பாங்க?" என்றாள் பங்கஜம்.

"பத்தே முக்காலுக்கு." ஆதிகேசவன் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் எல்லோரும் போட்டுவிட்டார்கள். பதினொன்றே காலுக்குக் கழுவல் முடியும். உடனே அமிலம். பிறகு யாராவது ஒருவன் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பான்.

போன் ஆதிகேசவனின் மேஜையில் இருந்தது. அவர்தான் முதலில் எடுத்துச் சுழற்றினார். லைன் கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை யாரோ ராணிப்பேட்டையில் எடுத்து, ராங் நம்பர் என்று திட்டினான். செங்கல்வராயன் அதற்குள் வெளியே ஓடி, செருப்புகூடப் போடாமல் சுண்ணாம்புத் தண்ணீர் மிதித்து, வள்ளியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். எதற்கு என்று அவளுக்குச் சொல்ல நேரமில்லை. பங்கஜம் கண்ணால் சொன்னதைத்தான் செய்தான். என்ன நடந்தாலும் அது அந்தப் பெண்மணியின் காதில் விழ வேண்டும்.

மூன்றாவது தடவை மணி அடித்தது. மறுமுனையில் மேல்விஷாரம் மேஸ்திரி ஜம்புலிங்கம். ஆதிகேசவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, "அமிலம் ஊத்தாதய்யா, நிறுத்து" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் அறைக்கே கேட்டது. பெரிய குரல்காரர்.

"இன்னா சார் விளையாடுறீங்களா? கழுவி முடியப் போவுது. வாளி ஏணி மேல ஏறிக்கினு கீது. ஒரு டிரம்ம நிறுத்தினா தோலு வீணாப்பூடும். முதலாளிக்கு நீங்க பதில் சொல்றீங்களா? சீட்டுல அரைமணின்னுதானே கீது!"

ஆதிகேசவன் வாயைத் திறந்தார், மூடினார். கம்பெனியில் இருபது வருஷம் அதிகாரம் பண்ணிய வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. ரஃபத் அவர் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினாள்.

"மேஸ்திரி, நான் ரஃபத் பேசறேன். சீட்டு அடிக்கிற பொண்ணு."

"சொல்லும்மா. உன் சீட்டத்தான் பார்த்துக்கினு கீறேன்."

"அது தப்பு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வள்ளியம்மாள் கதவருகில் மூச்சிரைக்க நிற்பது அவளுக்குத் தெரியும். "சீட்டு தப்பு மேஸ்திரி. அரைமணி இல்ல, ஒன்றரை மணி. இங்க பச்சையப்பன் அண்ணன் செத்தது அந்த அரைமணிச் சீட்டாலதான். வேதாசலம் அண்ணன் கழுவாம விடல. நாங்க குடுத்தபடிதான் கழுவினாரு. எனக்கு அது தெரிஞ்சும் சொல்லல. போலீஸ்கிட்டயும் சொல்லுவேன். இப்போ ஓடுங்க. வாளிய எறக்கச் சொல்லுங்க. மூடிகிட்ட ஒரு ஆளும் போவக் கூடாது. ஓடுங்க!"

ரிசீவர் எங்கோ மோதித் தொங்குகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு தூரத்தில் டிரம் உருளும் சத்தம், தட் தட்டென்று. யாரோ கத்தினார்கள். டிரம் உருண்டுகொண்டே இருந்தது.

வள்ளியம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் வூட்டுக்காரு பொய் சொல்லலியாம்மா?" என்று பங்கஜத்தைக் கேட்டாள். பங்கஜம் குனிந்து அவள் தோளைத் தொட்டு, "சொல்லல" என்றாள். "இப்பவே ஸ்டேஷனுக்குப் போறோம். ரெண்டு மணிக்கு அவர எங்கயும் கொண்டு போவ மாட்டாங்க." வள்ளியம்மாள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள். செங்கல்வராயனுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கத்தான் ஆசை. ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

போனில் டிரம் சத்தம் நின்றது.

காலடி ஓசை ஓடி வந்தது. மேஸ்திரியின் இளைப்பு முதலில் கேட்டது, குரல் பிறகுதான். "எறக்கியாச்சும்மா. ஒரு பொட்டு ஊத்தல. ஆளுங்க எல்லாம் வெளிய நிக்கிறாங்க."

ஆதிகேசவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பங்கஜம் நெடிய மூச்சு ஒன்றை விட்டாள். ரஃபத் சுவரில் சாய்ந்து, "அல்லாஹ்" என்றாள். ரிசீவரை வைக்கப் போனாள்.

"ஏம்மா," என்றது போன். பெரிய குரல் இப்போது சின்னதாகிவிட்டிருந்தது. "அப்போ நம்ம பக்தவச்சலம் வுழுந்ததும் இதனாலதானா?"

"யாரு?"

"ஒடுகத்தூர்க்காரன், நம்ம மூணாம் நம்பர் டிரம் ஆளு. மூடியத் தொறந்தான், அப்படியே வுழுந்துட்டான். வலிப்புன்னு நெனச்சு சாவிக்கொத்தக் கையில குடுத்தோம்மா. இங்க கொட்டாய் தெறந்தாப்புல கீது, காத்தடிக்கும், அதான் அந்த யோசனையே வரல. வேலூர் ஆஸ்பத்திரில போட்டிருக்குது. மூச்சு கீது. இன்னும் கண்ணு தொறக்கல."

"என்னிக்கு?" என்றாள் ரஃபத். பதில் வருவதற்குள் மறுபடி கேட்டாள். "மேஸ்திரி, என்னிக்கு வுழுந்தாரு?"

"முந்தாநேத்து. வியாழக்கிழமை காலையில."

அவள் ரிசீவரை வைக்கவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஸ்திரி உள்ளிருந்து என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை ஒண்ணே முக்காலுக்கே," என்றாள் ரஃபத் ஜஹான், "எனக்குத் தெரியும் மேடம்."